வேலை தேடாதே, பேமெண்ட் தேடு

போன மாதம் என்னை ஒரு பொறியியல் கல்லூரி மேடையில் ஏற்றினார்கள். கோவைக்கு வெளியே. எந்தச் சாலையில் என்று சொல்லப்போவதில்லை. எந்தச் சாலையில் போனாலும் ஒன்று வரும். ஏசி அரங்கம், நாலு மூலையிலும் ஸ்பீக்கர், பின்னால் இருபதடிக்குப் பேனர்: ‘வேலை தேடாதே, வேலை கொடு!’ எழுத்துக்குப் பக்கத்தில் சிறகை விரித்த கழுகு. கழுகுக்கும் வேலைவாய்ப்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஏற்பாடு செய்த பேராசிரியரைக் கேட்டேன். ‘மோட்டிவேஷனுங்க சார்’ என்றார். எங்கள் பக்கம் கழுகு வட்டமடித்தால் கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் சொல்லாமல் விழுங்கியது நிறைய. ஒரு மாதமாக அது செரிக்கவில்லை.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், ஆவாரம்பாளையத்தில் எனக்கு ஒரு ஷெட் இருக்கிறது. இரண்டு பழைய லேத், ஒரு மில்லிங், கடனில் வந்து இன்னும் கடனிலேயே ஓடுகிற ஒரு சிஎன்சி. பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பத்தொன்பது வருடமாக ஷட்டரை நிரந்தரமாக இறக்காமல் தள்ளிக்கொண்டு வருகிறேன். இதற்கு அழைப்பிதழில் ‘வெற்றித் தொழில்முனைவர்’ என்று போட்டிருந்தார்கள். ஐசியுவில் மூச்சு விடுகிறவருக்கு ஆணழகன் பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

எனக்குப் பத்து நிமிடம். சிறப்பு விருந்தினருக்கு ஒன்றரை மணி நேரம். அந்த வெயிலிலும் கோட்டு, கன்னத்தில் ஒட்டிய மைக், ஓர் இடத்தில் நிற்காத கால். அவருடைய தொழில், மற்றவர்களைத் தொழில் தொடங்கச் சொல்வது. அதைத் தவிர வேறு எதையும் தொடங்கியதாக அவரே சொல்லவில்லை. காரில் வரும்போது பேராசிரியர் ஒரு சேதி சொன்னார்: முழுப்பணமும் அக்கவுண்டில் ஏறினால்தான் சார் வீட்டை விட்டே கிளம்புவாராம். கடன் கிடையாது, ‘அடுத்த மாசம் பார்க்கலாங்க’ கிடையாது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் வேலைக்கு முன்னாலேயே முழுக்காசும் வாங்குகிற தொழில்முனைவர் அவர் ஒருவர்தான். அந்த ஒரு வித்தையை மட்டும் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவில்லை.

சொல்லித்தந்தது கராஜ் கதை. ஸ்டீவ் ஜாப்ஸ் கராஜில் ஆரம்பித்தார், ஜெஃப் பெசோஸ் கராஜில் ஆரம்பித்தார், நீங்கள் ஏன் ஆரம்பிக்கக்கூடாது? நியாயமான கேள்விதான். அந்த அரங்கில் இருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் மொபெட் வாசலில் நிற்கிறது. மழை வந்தால் அதன்மேல் உரச்சாக்கைப் போர்த்துகிறார்கள். கராஜ் வேண்டுமென்றால் முதலில் கார் வேண்டும், கார் நிற்க இடம் வேண்டும், இடத்துக்குப் பட்டா வேண்டும். பெசோஸ் கராஜில் புத்தகம் கட்டிக்கொண்டிருந்த 1995-ல் அவருடைய பெற்றோர் அந்தக் கம்பெனியில் போட்டது கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் டாலர். பில் கேட்ஸ் ஸ்லைடில் ‘கல்லூரியைப் பாதியில் விட்டவர்’ என்று இருந்தது. விட்ட கல்லூரி ஹார்வர்டு, அப்பா வக்கீல், அம்மா ஐபிஎம் தலைவரோடு ஒரே தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தவர் என்பதெல்லாம் ஸ்லைடில் இடம் போதாமல் விட்டுப்போயிருக்கும்.

உள்ளூர்க்காரர் இல்லாமலா? ஜி.டி.நாயுடு வந்தார். ‘ஓட்டலில் சர்வராக இருந்தவர்!’ உண்மை. அந்தக் காசைச் சேர்த்து ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் போட்டு மாட்டிப் படித்தவர். எங்கள் தொழிலுக்குக் குலசாமி மாதிரி. ஆனால் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அவர் பஸ் விட்டபோது ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற துரை கைகொடுத்தார். நாயுடுவின் மூளையைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அந்த மூளையை நம்பிக் காசு கொடுக்க ஓர் ஆள் இருந்தார் என்கிறேன், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்டேன்ஸ் துரை கிடைக்கமாட்டார். கிளை மேலாளர் கிடைப்பார்.

அப்புறம் யூனிகார்ன். நூறு கோடி டாலர் மதிப்பைத் தொட்ட புதுக் கம்பெனிகளுக்கு 2013-ல் அய்லின் லீ என்ற அமெரிக்க முதலீட்டாளர் வைத்த பெயர். நெற்றியில் ஒற்றைக் கொம்பு உள்ள குதிரை. அப்படி ஒரு மிருகம் உலகத்தில் கிடையாது. இல்லாத மிருகத்தின் பெயரைச் சூட்டியபோதே நாம் உஷாராகியிருக்க வேண்டும். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று கொண்டாடப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலையில் திவால் தீர்ப்பாயத்தின் படியில் நின்றது. ‘உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?’ என்று எங்கள் அம்மா திட்டுவார். அவர் அந்த ஸ்லைடைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது நல்லது.

கடைசியில் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். ‘அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை நீங்களே பாருங்க. என்ன கார்ல இறங்குறீங்க? கலர் என்ன?’ நானும் மூடினேன். சிஎன்சிக்கு இன்னும் பதினெட்டுத் தவணை தெரிந்தது. ‘என்னால் முடியும்’ என்று மூன்று தடவை கத்தச் சொன்னார். கத்தினார்கள். அட்டெண்டன்ஸ் உண்டல்லவா.

கேள்வி நேரம். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தது. ஒல்லியாக, ஐடி கார்டு கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டது: ‘சார், எங்கப்பாவும் ஷெட்டுதானுங்க வெச்சிருந்தாரு. வேலையெல்லாம் நல்லாத்தான் வந்துச்சுங்க. பேமெண்ட் வரலேன்னா என்னங்க சார் பண்றது?’

அரங்கத்தில் அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே தொழில் விஷயம் அது. வெச்சிருந்தாரு என்ற இறந்தகாலம் என் காதில் மட்டும்தான் விழுந்தது போலிருக்கிறது. விருந்தினர் சிரித்தார். ‘பார்த்தீங்களா, இதுதான் ஸ்கேர்சிட்டி மைண்ட்செட். பிரச்சினையைப் பார்க்காதீங்கம்மா, பாசிபிலிட்டியைப் பாருங்க. பாசிட்டிவா இருந்தா பணம் உங்களைத் தேடி வரும். இவங்களுக்கு ஒரு பெரிய கைதட்டல்!’ கைதட்டினார்கள். அந்தப் பெண் உட்கார்ந்துகொண்டது.

அடுத்து என் பத்து நிமிடம். மைக்கைக் கொடுக்கும்போது பேராசிரியர் காதோடு சொன்னார்: ‘சார், நெகட்டிவா மட்டும் வேண்டாங்க.’ நான் உழைப்பே உயர்வு என்று ஏதோ உளறிவிட்டு, ஒரு பொன்னாடையும் மரக்கன்றும் வாங்கிக்கொண்டு இறங்கினேன். பத்தொன்பது வருடம் இரும்பைக் கடைந்தவன், ஒரு சின்னப் பெண்ணின் கேள்விக்குப் பயந்து பம்மிவிட்டேன். அதற்குப் பரிகாரம்தான் இது.

அம்மிணி, காலண்டரை எடு. ராசிபலன் போட்ட தினசரிக் காலண்டர் போதும்.

ஒன்றாம் தேதி நீ சரக்கை இறக்கி பில் கொடுக்கிறாய் என்று வைத்துக்கொள். முதல் சனிக்கிழமை சாயந்திரம் ஐந்தரைக்கு டர்னர் கை கழுவிவிட்டு வந்து நிற்பார். வாரக்கூலி. அவர் பெண்டாட்டி மளிகைக்கடையில் சொல்லி வைத்திருப்பார். அவரிடம் ‘சிஸ்டத்துல இன்னும் ஏறலைங்க’ என்று சொல்ல முடியாது. அடுத்த மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி. கைக்குக் காசு வந்ததா என்று அந்தச் சட்டம் கேட்காது. பில் போட்டாயா, கட்டு. தவறினால் வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி, தினக்கணக்கில் தாமதக் கட்டணம். நீ கடன் வாங்கிக் கட்டிய அந்த வரியை, உனக்குக் காசு கொடுக்காத கம்பெனி தன் கணக்கில் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளும். உனக்குப் பணம் கொடுக்க அதே ஜிஎஸ்டி சட்டம் அவர்களுக்குத் தரும் அவகாசம் 180 நாள்.

45-ஆம் நாள் ஒன்று வரும். சிறு, குறு தொழில்களுக்கான 2006-ஆம் வருடத்துச் சட்டப்படி உன் பணம் வந்து சேரவேண்டிய கடைசி நாள் அது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் பதினைந்தே நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. படித்தால் புல்லரிக்கும். அந்த நாள் ராகு காலம் மாதிரி வந்துவிட்டுப் போய்விடும். ஒன்றும் நடக்காது. 90-ஆம் நாள், தவணை கட்டாத உன் கடனை பேங்க் வாராக்கடன், அதாவது என்பிஏ, என்று எழுதும். சிபிலில் உன் பேர் நாறும். 120-ஆம் நாள் வாக்கில் கம்பெனியிலிருந்து போன் வரும்: ‘உங்க பில்லுல பாதி ரிலீஸ் ஆயிருக்குதுங்க. மீதிக்கு ரிஜக்‌ஷன் டெபிட் நோட் போட்டிருக்குது. பார்த்துக்கங்க.’

‘என்னால் முடியும்’ என்று மூன்று தடவை கத்து. தேதி நகருகிறதா பார்.

வசூலுக்குப் போனால் எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள். நான் வாரம் தவறாமல் போகிற ஒரு கம்பெனி இருக்கிறது. வியாழக்கிழமை செக் நாள். கேட்டில் செக்யூரிட்டி நோட்டில் பேர், ஊர், வந்த நேரம், காரணம் எழுத வேண்டும். ‘காரணம்’ என்ற கட்டத்தில் எல்லாரும் ‘பேமெண்ட்’ என்றே எழுதியிருப்பார்கள்; மேலிருந்து கீழ்வரை ஒரே வார்த்தை, பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதிய மாதிரி. உள்ளே குளுகுளு ஹால், கண்ணாடி மேஜை, சுவரில் சட்டம் போட்ட வாசகம்: ‘எங்கள் சப்ளையர்கள், எங்கள் குடும்பம்.’ சோபாவில் ஏழெட்டுக் குடும்பத்தார் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒருத்தர் கேஸ்டிங்காரர், ஒருத்தர் பேக்கிங்காரர், ஒருத்தர் பிளேட்டிங்காரர். யாரும் யார் முகத்தையும் பார்க்கமாட்டோம். ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற கும்பல் மாதிரி.

பதினொன்றரைக்கு அக்கவுண்ட்ஸ் தம்பி வருவார். நல்ல பையன், அவர்மேல் தப்பில்லை. ‘ஜிஆர்என் போடலீங்ணா.’ சரக்கு வந்து சேர்ந்ததற்கான சீட்டு அது. போட்டிருந்தால், ‘குவாலிட்டில நிக்குதுங்ணா.’ அதுவும் தாண்டியிருந்தால், ‘ஜிஎம் சார் லீவுங்ணா.’ மார்ச்சில் ‘இயர் எண்டிங்ணா’, ஏப்ரலில் ‘ஆடிட் நடக்குதுங்ணா’. ஒருதரம் ‘சிஸ்டம் மாறுதுங்ணா’ என்று மூன்று மாதம் சொன்னார்கள். சிஸ்டம் மாறவில்லை, கம்ப்யூட்டர்தான் மாறியது. என் பணம் அங்கே சும்மா கிடக்கிறதா என்றால் இல்லை. அதில்தான் அவர்கள் புது பிளாண்ட் கட்டுகிறார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கேட்டால் கோபம் வேறு வரும். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்பதை இப்போது ‘ஒர்க்கிங் கேப்பிடல் மேனேஜ்மெண்ட்’ என்று எம்பிஏவில் நடத்துகிறார்கள்.

சட்டப்படி போகலாமே என்பாய். போகலாம். 2017-ல் சமாதான் என்று ஒரு இணையதளமே திறந்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து புகார் கொடுக்கலாம். மாநில அரசின் வசதியாக்க மன்றம் விசாரித்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி மேலே போனால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இதைவிட நல்ல சட்டம் யாரும் எழுத முடியாது. என் சிநேகிதர் ஒருவர் நம்பிப் போனார், ஜெயித்தார். அன்றோடு அந்தக் கம்பெனி ஆர்டர் நின்றது. பர்ச்சேஸ்காரர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும்போல. அடுத்த மாதம் இன்னும் இரண்டு கம்பெனி நின்றது. சமாதான் என்று பேர் வைத்தவர் தீர்க்கதரிசி. போய்வந்தவர்கள் எல்லாவற்றோடும் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். இன்னொன்று: அந்தத் தளத்தில் புகார் யார்மேல் என்று பார்த்தால், சட்டத்தைப் போட்ட அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் அதில் இருக்கின்றன.

வருமான வரியிலும் ஒரு பூட்டுப் போட்டுப் பார்த்தார்கள். கெடு தாண்டினால், காசு கொடுக்கிற வருடம் வரை அந்தச் செலவைக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2023 நிதிச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரமே ஒரு கம்பெனியிலிருந்து பேசினார்கள்: ‘பில்லுல உதயம் நம்பரைப் போடாதீங்க. முடிஞ்சா ரத்தே பண்ணிருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்.’ நம்மைச் சிறு தொழில் என்று காட்டுகிற அரசுப் பதிவுதான் உதயம். காக்கிற சட்டை போட்டிருப்பதால்தான் கல்லெறிகிறோம், கழற்றிவிடு என்கிறார்கள்.

இனி இன்னொரு சட்டத்தைப் பார். சர்ஃபேசி, 2002. வாராக்கடன் ஆனபிறகு பேங்க் உனக்கு 60 நாள் நோட்டீஸ் விடும். அந்த 60 நாளில் லீவு கிடையாது, ஆடிட் கிடையாது, ஜிஎம் சார் ஊருக்குப் போகமாட்டார். 61-ஆம் நாளிலிருந்து உன் அடமானச் சொத்தில் கைவைக்க அவர்களுக்குக் கோர்ட்டு உத்தரவு தேவையில்லை. இரண்டு பேப்பரில் விளம்பரம் வரும். ஒன்று தமிழில்தான் வரவேண்டும், உன் சித்தப்பா படிக்க வேண்டுமே. நீ கொடுக்க வேண்டியதற்கு 60 நாள் சட்டம், உனக்கு வரவேண்டியதற்கு 45 நாள் சட்டம். ஒன்று எழுந்து ஓடுகிறது, ஒன்று படுத்தே கிடக்கிறது. ‘தோல்வியைக் கொண்டாடுங்கள்’ என்று விருந்தினர் சொன்னார். எங்கே வைத்துக் கொண்டாடுவது, சீல் வைத்த கதவுக்கு வெளியிலா?

பேங்க் என்றதும் திட்டங்கள் ஞாபகம் வருகின்றன. திட்டங்களுக்குக் குறைவே இல்லை. 2015 ஏப்ரல் 8-ல் முத்ரா வந்தது. சிசு, கிஷோர், தருண் என்று கடனுக்குப் பேர்: குழந்தை, பையன், வாலிபன். சிசு ஐம்பதாயிரம் வரை. லேத்தில் மாட்டுகிற சக்கும் நாலு டூல் பிட்டும் வாங்கலாம், லேத்தை அடுத்த ஜென்மத்தில் பார்த்துக்கொள்ளலாம். 2024 பட்ஜெட்டில் தருண் பிளஸ் என்று இருபது லட்சம் வரை நீட்டினார்கள். கிழவனுக்கு மட்டும் பேர் வைக்கவில்லை. அந்தக் கட்டத்துக்கு ஏற்கனவே என்பிஏ என்று பேர் இருக்கிறது.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை போகலாம். ஆள், இடம் பார்த்து 15 முதல் 35 சதவீதம் மானியம். அந்த மானியம் மூன்று வருடம் பேங்கிலேயே டெபாசிட்டாக உட்கார்ந்திருக்கும், கைக்கு வராது. இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. நம் மாநிலத்தில் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டம் இருக்கிறது. பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது, 35 சதவீதம், ஒன்றரைக் கோடி வரை மானியம். நான் இவற்றைத் திட்டவில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் முகம் கொடுத்துப் பேசி, படிவத்தைத் தானே திருத்திக் கொடுத்த அதிகாரியையும் பார்த்திருக்கிறேன். ஃபைல் அங்கிருந்து உயிரோடுதான் கிளம்புகிறது. பேங்க் கிளையின் மேஜைக்குப் போனதும் மூச்சு வாங்குகிறது.

பத்து லட்சம் வரை சிறு, குறு தொழிலுக்குச் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லியாயிற்று. மேலாளர் கேட்கவும் மாட்டார். ‘வீடு யார் பேர்ல இருக்குது?’ என்று குசலம் விசாரிப்பார். அப்பா பேரில் என்றால் முகம் மலரும். வாடகை வீடு என்றால், ‘டார்கெட் முடிஞ்சுதுங்க, ஏப்ரல்ல வாங்க.’ ஏப்ரலில் மேலாளர் மாறியிருப்பார். நீ கடைசியில் அம்மாவின் தாலிக்கொடியை நகைக்கடன் கவுண்டரில் நீட்டுவாய். அங்கே மட்டும் இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

வரியைப் பற்றிக் கேள்வி கேட்கலாமா? தாராளமாக. 2024 செப்டம்பரில் இதே கோவையில் தொழில் துறையினரோடு மத்திய நிதியமைச்சர் கலந்துரையாடினார். ஓர் ஓட்டல்காரர் எழுந்து, பன்னுக்கு வரியில்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் கிரீமைத் தனியாகக் கொடு நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். ஊரே சிரித்தது. அப்புறம் அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கிற வீடியோ வந்தது. பகிர்ந்தது அமைச்சரின் கட்சிக்காரர்கள்; கட்சியே அதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. 2025 செப்டம்பர் 22-ல் பேக்கரிப் பண்டங்களுக்கு வரி 5 சதவீதம் ஆனது. பன் ஜெயித்துவிட்டது. நூற்றுக்கணக்கான பேருக்கு வேலை கொடுக்கிற மனிதர் கைகூப்பிய படம் மட்டும் அப்படியே இருக்கிறது. ‘வேலை கொடு’ பேனரில் கழுகுக்குப் பதிலாக அந்தப் படத்தைப் போட்டால் பொருத்தமாக இருக்கும்.

எங்கள் வீதியில் ஒருவர் இருந்தார். என்னைவிட நல்ல டர்னர்; மைக்ரோமீட்டர் வைக்காமலே விரலில் தடவி அளவு சொல்வார். 2016 நவம்பர் 8-ல் ரொக்கம் போச்சு, 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது, 2020-ல் ஊரடங்கு. மூன்றையும் தாண்டினார். 2022 செப்டம்பரில் கரண்ட் கட்டணம் ஏறியது. மெஷின் ஓடாத மாதத்துக்கும் நிலைக்கட்டணம். அடுத்த வருடம் செப்டம்பர் 25 அன்று சிறு தொழில்காரர்கள் ஒருநாள் கதவடைப்புச் செய்தோம். அன்றைக்கு அடைத்தவர் அப்புறம் திறக்கவில்லை. ஒரு கம்பெனியிடம் அவருக்கு வரவேண்டிய பணம், பேங்குக்கு அவர் கட்டவேண்டியதைவிட அதிகம். இது பரீட்சைக் கணக்கு இல்லை, அவருடைய நோட்டை நானே பார்த்தேன்.

லேத்தைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்தார். கிரேன் சங்கிலி மாட்டித் தூக்கும்போது, இவர் ‘ஒரு நிமிஷங்க’ என்று ஓடி, ஹெட்ஸ்டாக்கில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் கழிவுத்துணியால் துடைத்தார். போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். அப்புறம்தான் ஏற்றவிட்டார். இப்போது சாப்பாடு டெலிவரி பண்ணுகிறார். அந்த ஆப்பில் அவருக்குப் பேர் ‘பார்ட்னர்’. பி.எஃப் கேட்டால் கிடையாது. தொழிலாளி இல்லையே, பங்குதாரர் அல்லவா. ஆக, நம் விருந்தினரின் கணக்கில் அவர் இன்னும் தொழில்முனைவர்தான்.

அதே வருடங்களில், 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில், வங்கிகள் புத்தகத்திலிருந்து தள்ளி எழுதிய கடன் 16 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. பாதிக்கும் மேல் பெரிய தொழில்கள். தள்ளி எழுதுவது வேறு, தள்ளுபடி வேறு, வசூல் தொடரும் என்று விளக்கமும் கொடுத்தார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீதிக்காரருக்கு அந்த இலக்கண நயத்தில் ஒரு சொட்டுக்கூடக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னால் ‘இளைஞர்களை அதைரியப்படுத்தாதே’ என்கிறார்கள். அதைரியப்படுத்துவது நானா? திரும்பும்போது பேராசிரியர் வெள்ளந்தியாக ஒன்று சொன்னார்: ‘இந்த வருஷம் கேம்பஸ் டல்லுங்க சார். ஆஃபர் வராத பசங்களை என்டர்பிரனர் கட்டத்துல காட்டிக்கலாம்னு மேனேஜ்மெண்ட் சொல்லுது.’ அப்போதுதான் பேனரின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. வேலை தேடாதே என்றால் எங்களிடம் வேலை கேட்காதே என்று அர்த்தம். வேலையை உண்டாக்க வேண்டியவர்கள் கையை விரித்துவிட்டு, அந்தப் பொறுப்பையும் இருபத்தொரு வயதுப் பிள்ளையின் தலையிலேயே வைத்து, அதற்குக் கனவு என்று பேரும் வைத்துவிட்டார்கள். தோற்றால் மைண்ட்செட் சரியில்லை. ஜெயித்தால் அடுத்த வருட ஸ்லைடு. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்க்கச் சொன்னவர்களும் இதே குரலில்தான் பேசினார்கள். சினிமாக்காரர்கள் வந்து விளம்பரத்தில் சிரித்தார்கள். கம்பெனிக்காரர்கள் ஓடியபிறகு பட்டினி கிடந்த பறவைகளுக்குக் கால்நடைத் துறை தீனி போட்டது. பணம் போட்டவர்கள் கோர்ட்டுப் படியேறினார்கள்.

அம்மிணி, தொழில் பண்ணாதே என்று நான் சொல்லவில்லை. பத்து மைக்ரான் சுத்தமாக ஒரு ஷாஃப்ட்டைக் கடைந்து கையில் எடுக்கும்போது வருகிற குளிர்ச்சி உன் அப்பாவுக்குத் தெரியும், அவரைக் கேள். ஆனால் மெஷின் விலை கேட்பதற்கு முன்னால் இரண்டு வருடம் யாராவது ஒருவர் ஷெட்டில் வசூலுக்குப் போ. உதயம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்கிற இணையதளத்தை மூடு. அந்த நம்பரைப் பில்லில் கொட்டை எழுத்தில் போடு, எடுக்கச் சொன்னால் எழுத்தில் கேள். டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்காமல் வண்டியைத் திருப்பாதே. ஒரே கம்பெனியை நம்பி ஷெட் போடாதே. அது ஷெட் இல்லை, அவர்களுடைய சம்பளமில்லாத டிபார்ட்மெண்ட். அம்மாவின் வீட்டைத் தொடாதே. முன்பணம் கேள். வெட்கப்படாமல் கேள். அந்தக் கோட்டுக்காரர் வாங்குகிறாரே.

மற்றவர்களுக்கு ஒன்று. இதைப் படிக்கிறவர்களில் கம்பெனி அக்கவுண்ட்ஸிலும் பர்ச்சேஸிலும் இருப்பவர்கள் கட்டாயம் உண்டு. உங்கள் மேஜையில் ஒரு டிரே இருக்கும். அதன் அடியில் பிள்ளையார் சுழி போட்ட பில் ஒன்று கிடக்கும், கட்டிங் ஆயில் விரல்ரேகையோடு. தேதியைப் பாருங்கள். 45 தாண்டியிருந்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள். சனிக்கிழமை ஐந்தரைக்கு டர்னர் கை கழுவிவிட்டு வந்து நிற்பார்.